ஒரு மோசமான இரவும் 21 கிலோமீட்டரும்

நம்மூர் அரை மராத்தான்களுக்கு ஒரு தனிச் சாபம் உண்டு. வெயிலுக்குப் பயந்து விடிவதற்கு முன்பே ஓட்டத்தை ஆரம்பித்துவிடுவார்கள். ஐந்து மணிக்குக் கோட்டில் நிற்க வேண்டுமென்றால் மூன்று மணிக்கு எழ வேண்டும். முந்தின நாள் எட்டு மணிக்கே படுக்கலாம்தான். தூக்கம் வர வேண்டுமே. பதினொன்றுக்கு ஒருமுறை, ஒன்றுக்கு ஒருமுறை போனைப் பார்த்து, மிச்சமிருக்கும் நேரத்தைக் கணக்குப் போட்டபடியே இரவு போய்விடும். "நைட்டு சுத்தமா தூங்கலடா, இன்னைக்கு ஓடின மாதிரிதான்" என்று கூட்டத்தில் யாராவது ஒருவர் சொல்லிக்கொண்டிருப்பார்.

தூங்காமல் ஓடினால் என்னதான் ஆகும்? இந்தப் பயத்துக்கு வயது நூற்றுச் சொச்சம்.

1894-இல் மரியா மனசெய்னா என்ற ரஷ்ய மருத்துவர், நாய்க்குட்டிகளைத் தூங்கவிடாமல் வைத்திருந்ததன் முடிவுகளை வெளியிட்டார். நாலைந்து நாளில் குட்டிகள் செத்துப்போயின. பட்டினியைவிடத் தூக்கமின்மை சீக்கிரம் கொல்லும் என்றார் அவர். படிக்கவே கஷ்டமான ஆய்வு.

இரண்டு வருடம் கழித்து, அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பேட்ரிக், கில்பர்ட் என்ற இருவர் மனிதர்களிடமே இதைச் சோதித்தார்கள். மூன்று இளைஞர்கள், 90 மணி நேரம், பொட்டுத் தூக்கம் கிடையாது. ஒருவருக்குத் தரை முழுக்க எண்ணெய்ப் பசையாய் ஏதோ நெளிவதுபோலத் தெரிய ஆரம்பித்தது. ஆனால் யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகிவிடவில்லை. இழந்த தூக்கத்தில் ஒரு சிறு பங்கைத் தூங்கி எழுந்ததுமே பழையபடி ஆகிவிட்டார்கள்.

ஓடுகிறவர்களுக்கு நேரடியாக வேண்டிய பதில் 1981-இல்தான் வந்தது. மார்ட்டின் என்ற அமெரிக்க ஆய்வாளர், 36 மணி நேரம் தூங்காத எட்டுப் பேரை டிரெட்மில்லில் ஏற்றி, முடியவே முடியாது என்கிறவரை கடினமாக நடக்கவைத்தார். தாக்குப்பிடித்த நேரம் சராசரியாக 11 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் தூங்காத நாளுக்குக் காசு இரட்டிப்பு!

எனக்கு அந்த 11-ஐவிட முக்கியமாகப் படுவது வேறு. இதயத் துடிப்பு மாறவில்லை. ஆக்சிஜன் செலவும் மாறவில்லை. அதே வேகம், அதே உழைப்பு. ஆனால் அவர்களுக்கு அது அதிகக் கஷ்டமாகத் தோன்றியது. டேங்கில் பெட்ரோல் இருக்கிறது, முள் மட்டும் சீக்கிரம் கீழே இறங்குகிறது. நெடுந்தூரம் ஓடுபவன் வேகத்தை முடிவு செய்வதே அந்த முள்ளைப் பார்த்துத்தான் என்பதால் இது சின்ன விஷயமில்லை.

சராசரி ஒன்றை மறைத்தும் விடுகிறது. எட்டில் நாலு பேருக்கு 5 சதவீத வித்தியாசம்கூட இல்லை. மற்ற நாலு பேருக்கு 15-லிருந்து 40 வரை போயிற்று. "நான்லாம் மூணு மணி நேரம் தூங்கிட்டு ஓடுவேன் மச்சி" என்று சொல்லும் நண்பன் புளுகுகிறான் என்று சொல்ல முடியாது. அவன் முதல் நாலில் ஒருத்தனாக இருக்கலாம், நாம் அடுத்த நாலில்.

2009-இல் வேல்ஸில் நடந்த ஆய்வில், வேகத்தை ஓடுபவர்களிடமே விட்டுவிட்டார்கள். முதலில் அரை மணி நேரம் சீரான ஓட்டம், பிறகு அரை மணி நேரம் முடிந்த அளவு தூரம். நன்றாகத் தூங்கிய நாளில் பதினோரு பேரின் சராசரி 6,224 மீட்டர். இரவு முழுக்க விழித்திருந்த பிறகு 6,037. வித்தியாசம் 187 மீட்டர், ஏறக்குறைய 3 சதவீதம். களைப்பு இரண்டு நாளும் ஒரே அளவுதான் என்றார்கள், தூரம்தான் குறைந்திருந்தது.

இரண்டு மணி நேரத்தில் அரை மராத்தான் முடிப்பவருக்கு 3 சதவீதம் என்பது மூன்றரை நிமிடம். அரை மணி நேரச் சோதனையை அப்படியே 21 கிலோமீட்டருக்கு நீட்டக் கூடாதுதான். ஆனால் அவர்கள் ஒரு பொட்டுகூடத் தூங்காதவர்கள். நம்முடைய உடைந்த மூன்று மணி நேரம் அதைவிட மேல். சொந்த சாதனையை முறியடிக்க வந்தவருக்கு அந்த மூன்றரை நிமிடம் பெரிய இழப்பு. நல்லபடியாக முடித்தால் போதும் என்று வந்தவர் தாராளமாக ஓடலாம். காய்ச்சலால் தூங்காதவர் மட்டும் வீட்டிலேயே இருக்க வேண்டும், அது வேறு கதை.

எனக்கிருக்கும் பயம் ஓட்டத்தைப் பற்றியதில்லை. தூக்கமின்மை காலைவிடக் கவனத்தைத்தான் அதிகம் தின்கிறது. பதக்கத்தை மாட்டிக்கொண்டு, வயிறு நிறைய இட்லி சாப்பிட்டுவிட்டு, ஒன்பது மணி வெயிலில் பைக்கை ஸ்டார்ட் பண்ணுகிறோமே, அந்தப் பத்து கிலோமீட்டர்தான் ஆபத்து. பின்சீட்டில் உட்கார்ந்து போக யாராவது கிடைக்கிறார்களா என்று முந்தின நாளே கேட்டுவைப்பது நல்லது.