மடு எங்கலே இருக்கு?

போன வாரம் ஒரு நண்பன்கிட்டயிருந்து வாட்ஸப்ல ஒரு மெசேஜ் வந்துச்சு. "மச்சி, அந்த ஸ்பாட்டோட லொகேஷன் இன்னொரு தடவை அனுப்பு, ஆபீஸ்ல ரெண்டு பேர் கேக்குறாங்க." நான் இன்னும் பதில் போடலை. நீல டிக் விழுந்திருச்சு, அதனால படிச்சிட்டேன்னு அவனுக்குத் தெரியும். பதில் போடாததுக்குப் பின்னாடி நாலு வருஷத்துக் கதை ஒண்ணு இருக்கு. அதுக்கும் பின்னாடி நூத்தம்பது வருஷ வரலாறு ஒண்ணு இருக்கு. இன்னைக்கு ரெண்டையும் பேசலாம்னு இருக்கேன்.

எனக்கு ஊர் கல்லிடைக்குறிச்சி. அப்பளம்னா பல பேருக்கு ஞாபகம் வரும். தாமிரபரணிக்கு இந்தப் பக்கம் நாங்க, பாலத்தைத் தாண்டினா அம்பாசமுத்திரம். முழுப்பரீட்சை லீவு விட்டா சித்தப்பா என்னை விடியக்காலையில எழுப்பி ஆத்துக்குக் கூட்டிட்டுப் போவார். மூங்கில் கம்பு, நரம்பு, ஒரு தேங்காய்ச் சிரட்டையில ஈரமண்ணோட மண்புழு, அவ்வளவுதான் சாமான். ரோட்டுல இருந்து பார்த்தா தெரியாத ஒரு மடு அது. மேல மருத மரம், கீழ பாறை, கோடையில ஆறு வத்தினாலும் அங்க மட்டும் தண்ணி கருத்துப்போய் நிக்கும். கெண்டை கிடைக்கும், கெளுத்தி கிடைக்கும், அதிர்ஷ்டம் இருந்தா விலாங்கு.

சித்தப்பாவுக்கு மூணு சட்டம் இருந்துச்சு. புதுவெள்ளம் வந்தா தூண்டிலைத் தொடக்கூடாது, ஏன்னா மீன் முட்டையிட மேல ஏறுற நேரம் அது. சினை மீன் மாட்டினா திரும்ப விட்டுடணும். மூணாவது, எங்க பிடிச்சன்னு எவன் கேட்டாலும் "ஆத்துல"ன்னு சொல்லணும். "பொய் சொல்லச் சொல்லலலே, ஆத்துலதான பிடிக்கோம்" என்பார்.

நாலு வருஷத்துக்கு முன்னாடி அந்த மூணாவது சட்டத்தை நான் மீறினேன். சென்னையில என்கூட ஒரே ரூம்ல இருந்த நண்பன் ஊருக்கு வந்தான். கூட்டிட்டுப் போனேன். ஒரு நல்ல சைஸ் கெண்டை அவனுக்கு மாட்டுச்சு, அவன் முகத்துல அன்னைக்குப் பார்த்த சந்தோஷத்தை நான் மறக்கலை. அன்னைக்கு ராத்திரியே ரீல் போட்டான், லொகேஷனோட. எனக்குக்கூட அது பெருமையாத்தான் இருந்துச்சு. லைக் போட்டேன்.

அடுத்த லீவுக்குப் போனப்போ கரையில பீர் பாட்டில், மடுவுக்குக் குறுக்கே யாரோ கட்டிவிட்டுப் போன வலை. அதுக்கும் அடுத்த தடவை ஊர்ல சொன்னாங்க, ராத்திரி வெடி போட்டிருக்காங்கன்னு. பெருசு சிறுசு எல்லாம் வயித்தைக் காட்டிட்டு மிதந்துச்சாம். சித்தப்பா என்னைத் திட்டலை. "யாருட்டலே சொன்ன?"ன்னு ஒரு தடவை கேட்டார். அதுக்கப்புறம் அவர் எங்க மீன்பிடிக்கப் போறார்னு எனக்குத் தெரியாது. கேட்டா, "ஆத்துல."

அந்த ஒரு வார்த்தைதான் என்னை இந்த வரலாறு பக்கம் தள்ளிவிட்டுது. மீன் இருக்கிற இடத்தை அடுத்தவனுக்குச் சொல்லலாமாங்கிறது எனக்கு முன்னாடி யாருக்கெல்லாம் பிரச்சினையா இருந்திருக்குன்னு தேட ஆரம்பிச்சேன்.

தேடினா முதல்ல கிடைக்கிற பேர் ஹென்றி சல்லிவன் தாமஸ். பழைய மெட்ராஸ் மாகாணத்துல அதிகாரியா இருந்த ஆங்கிலேயர். 1873-ல மங்களூர்ல அவரோட "தி ராட் இன் இந்தியா" புத்தகம் அச்சாச்சு. இந்தியாவுல தூண்டில் போடுறது எப்படின்னு வெள்ளைக்காரங்களுக்குச் சொல்லிக்கொடுத்த புத்தகங்கள்ல ரொம்பப் பேர் வாங்கினது அது. 1881, 1897-ன்னு மறுபடியும் மறுபடியும் பதிப்பு வந்துச்சு. யோசிச்சுப் பாருங்க, ஒரு அதிகாரி ரெண்டு வருஷம் ஒரு ஜில்லா, அடுத்த ரெண்டு வருஷம் வேற ஜில்லான்னு மாறிக்கிட்டே இருக்கார். எந்த ஊர்லயும் அவருக்குச் சித்தப்பா கிடையாது. அப்போ புத்தகம்தான் அவருக்குச் சித்தப்பா. ஆனா மடு எங்க இருக்குன்னு அந்த அதிகாரிகளுக்கு யாராவது காட்டியிருக்கணும் இல்லையா? அப்படிக் காட்டின உள்ளூர்க்காரங்க எத்தனை பேரோட பேர் நமக்குத் தெரியும்? இன்னைக்கு நாம "சீக்ரெட் ஸ்பாட்"னு சொல்ற எதுவுமே யாரோ ஒருத்தர் வீட்டுச் சமையலுக்கு மீன் எடுத்த இடம்தான்.

இதே தாமஸ், அந்தப் புத்தகத்துக்கு முன்னாடியே, 1870-ல தென் கன்னட மாவட்டத்து மீன்வளம் பத்தி அறிக்கை எழுதினவர். ஒரு கையால இடத்தையும் வித்தையையும் சொல்லிக்கொடுக்கிறார், இன்னொரு கையால மீன் அழியுதுன்னு எழுதுறார். முரண்பாடு மாதிரித் தெரியுது. எனக்கு அது நேர்மையாத்தான் படுது, நானும் அதே நிலைமையிலதான் இருக்கேன்.

அந்த 1873-லயே இன்னொரு அறிக்கையும் வருது. மீன்வளத் துறைக்குத் தலைமை ஆய்வாளரா இருந்த டாக்டர் பிரான்சிஸ் டே, இந்தியா, பர்மா முழுக்க நன்னீர் மீன்களைப் பத்தி எழுதினது. கலெக்டர், தாசில்தார்னு எல்லார்கிட்டயும் கேள்வி அனுப்பி, பதில் வாங்கித் தொகுத்தார். என்ன மீன் இருக்கு, வலைக்கண்ணு எவ்வளவு சின்னது, குஞ்சு மீனையும் பிடிக்கிறாங்களா, இப்படி. இதுக்கெல்லாம் கடைசியில 1897-ல இந்திய மீன்வளச் சட்டம் வந்துச்சு. தண்ணியில வெடி போட்டோ விஷம் கலந்தோ மீன் பிடிச்சா ரெண்டு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லைன்னா 200 ரூபாய் வரைக்கும் அபராதம். ஆல்ஃபிரட் நோபல் டைனமைட்டுக்குக் காப்புரிமை வாங்கினது 1867-ல. அதாவது முப்பது வருஷத்துலயே அதை ஆத்துல போடாதீங்கன்னு சட்டம் எழுத வேண்டிய நிலைமை. மனுஷன் எவ்வளவு வேகம் பாருங்க.

இப்போ நம்ம ஆத்தை விட்டுட்டுக் கொஞ்சம் காவிரிக்குப் போகணும். ஏன்னா ரகசிய இடத்தைச் சொன்னா என்ன ஆகும், சொல்லலைன்னா என்ன ஆகும்னு ரெண்டையும் ஒரே மீனை வச்சுப் பார்க்க முடியிறது அங்கதான். அந்த மீன் மஹ்சீர், அதுலயும் முதுகுல திமில் இருக்கிற வகை. 1946-ல மைசூர்க்காரர் வான் இங்கன், காவிரியோட கிளையான கபினியில ஒண்ணைப் பிடிச்சார். 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. ஒரு மனுஷனோட எடை. அதுக்கப்புறம் தூண்டில்காரங்க உலகத்துல இந்த மீன் பேச்சே மெல்ல அடங்கிப்போச்சு. 1977-78-ல மூணு இங்கிலாந்து இளைஞர்கள் தேடிக்கிட்டு வந்து, காவிரியில பெரிய மஹ்சீர் இன்னும் இருக்குன்னு காட்டினாங்க. அந்தச் செய்தி பரவினதும் உலகத் தூண்டில்காரங்க கர்நாடகப் பக்கம் வர ஆரம்பிச்சாங்க. கலிபோர், பீமேஸ்வரி மாதிரி இடங்கள்ல முகாம் வந்துச்சு. பிடிச்ச மீனை எடை போட்டுத் திரும்ப விடணும்ங்கிறது அங்க விதியா இருந்துச்சு. முன்னாடி திருட்டுத்தனமா மீன் பிடிச்சிட்டிருந்த சிலரே காவலுக்கும் வழிகாட்டவும் வேலைக்கு வந்தாங்க.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் கலிபோர் முகாமோட பதிவேடு. பிடிச்ச ஒவ்வொரு மீனையும் எழுதி வச்சாங்க. 1998-லேர்ந்து 2012 வரைக்கும் ஆறாயிரத்துக்கும் மேல மீன். ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன், ராபர்ட் பிரிட்டன்ங்கிற ஆய்வாளர்கள் 2015-ல அந்தப் பதிவேட்டை அலசினாங்க. மொத்தமாப் பார்த்தா மஹ்சீர் கூடிக்கிட்டே போகுது. எல்லாரும் கைதட்ட வேண்டிய நேரம். ஆனா வகை பிரிச்சுப் பார்த்தா, கூடுறது நீலத்துடுப்பு மஹ்சீர், குஞ்சு பொரிப்பகத்துல வளர்த்து வெளியிலேர்ந்து கொண்டுவந்து விட்ட வகை. காவிரிக்கே சொந்தமான திமில் மஹ்சீர் கிட்டத்தட்டக் காணாமப் போயிட்டிருக்கு. நல்லது பண்றோம்னு விட்ட குஞ்சுகள் நிறைஞ்சுபோன ஆத்துல, சொந்த மீன் போனது வெளியில தெரியவே இல்லை.

இன்னொரு கொடுமை, நூறு வருஷத்துக்கு மேல படம் எடுத்துப் பெருமைப்பட்ட அந்த மீனுக்குச் சரியான அறிவியல் பேரே இல்லை. பேர் இல்லாததால அழிவுப் பட்டியல்லயும் சேர்க்க முடியலை. மோயாத்துல கிடைச்ச மாதிரிகளையும் வச்சு, அது டோர் ரெமாதேவிதான்னு 2018-ல உறுதி பண்ணினாங்க. அதே வருஷம் அழிவின் விளிம்புல இருக்கிற இனமா அது பட்டியல்ல ஏறுச்சு. மடுவை ரகசியமாவே வச்சிருந்தா, அந்த மீன் சத்தமே இல்லாம போயிருக்கும்.

எங்க ஊர்லயே இதுக்கு ஒரு ஜோடிக் கதை இருக்கு, மீன் கதை இல்லைன்னாலும் சொல்லிடறேன். 1982-ல எங்க குலசேகரமுடையார் கோயில் நடராஜர் திருடுபோனார். 2019-ல ஆஸ்திரேலியாவுல அடிலெய்ட் மியூசியத்துலேர்ந்து திரும்பி வந்தார். அது எங்க சாமிதான்னு காட்ட உதவினது, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துல இருந்த பழைய போட்டோ. எங்க இருந்துச்சுன்னு யாரோ எழுதி வச்சதால திரும்பக் கிடைச்சுது.

"அப்போ எல்லாத்தையும் சொல்லிடலாமா"ன்னு நீங்க கேட்கலாம். அவசரப்படாதீங்க. 1999-ல சீனாவோட தென்பகுதியில ஒரு குகைப் பல்லியை விஞ்ஞானிகள் புது இனம்னு அறிவிச்சாங்க, எங்க கிடைச்சுதுங்கிறதையும் முறைப்படி எழுதினாங்க. செல்லப்பிராணி வியாபாரிகள் அதைப் படிச்சாங்க. 2006-க்குள்ள அந்த இடத்துல பல்லியே இல்லை. 2017-ல லிண்டன்மேயர், ஷீல்னு ரெண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் "சயின்ஸ்" இதழ்ல எழுதின கட்டுரைக்குத் தலைப்பே "வெளியிடாதீர்கள்"தான். பக்கத்துல கேரளாவுல, செவப்புக் கோடு போட்ட 'மிஸ் கேரளா' மீன் 1990-களோட கடைசியில அலங்கார மீன் சந்தையில பிரபலமாச்சு, கடைசியில அதைப் பிடிக்க அரசே கட்டுப்பாடு கொண்டுவர வேண்டியிருந்துச்சு.

நம்ம ஆத்துக்குன்னே ஒரு மீன் இருக்கு. 1954-ல சைலாஸ்ங்கிற ஆய்வாளர் விவரிச்சது. இன்னைக்கு அதோட பேர் டாக்கின்சியா தாம்பிரபர்ணியை. பேரே லொகேஷன்! இந்த மீனை எப்படிங்க ஒளிச்சு வைக்கிறது?

ஒளிச்சு வைக்காமலே காப்பாத்தலாம்னு காட்டுற இடம் ஒண்ணு எங்க ஊர்லேர்ந்து பஸ்ல போற தூரத்துலயே இருக்கு. பாபநாசம் கோயில் படித்துறை. பொரி வாங்கிப் போட்டா மீன் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி வாயைப் பிளந்துட்டு நிக்கும், காலை வச்சா விரலைக் கடிக்கும். கூகுள் மேப் தேவையில்லை, தமிழ்நாட்டுல பாதிப் பேருக்குத் தெரியும். ஆனா அங்க எவனும் தூண்டில் போடமாட்டான். சாமி மீன்ங்கிற பயம் ஒரு காரணம். அதை விடப் பெருசா எனக்குப் படுறது, எந்நேரமும் அங்க நூறு கண்ணு இருக்கு. எங்க மடுவுல ராத்திரி வெடி போட்டப்போ பார்க்க ஒருத்தர் இல்லை, ஏன்னா அந்த இடத்தைத் தன்னோடதுன்னு நினைச்ச ஆள் சித்தப்பா ஒருத்தர்தான்.

பாபநாசத்தையும் ரொம்பத் தூக்கி வைக்க முடியாது. பரிகாரம்னு சொல்லி ஜனங்க உடுத்தின துணியை ஆத்துல விட்டுட்டுப் போறாங்க, அதை அள்ளி மாளலை. மீனைப் பிடிக்கக்கூடாதுன்னு ஒரு பழக்கம் கூடவே வந்திருக்கு, துணி போடக்கூடாதுன்னு வரலை. நான் நண்பனுக்கு லொகேஷன் அனுப்பினப்பவும் பின் மட்டும்தான் போச்சு. புதுவெள்ளத்தைப் பத்தி அவனுக்கு நான் சொல்லவே இல்லை, சினை மீனைப் பத்தியும் சொல்லலை. அந்த மடு என்ன ஆச்சுன்னுகூட இன்னைக்கு வரைக்கும் சொன்னதில்லை. அவன் கெட்டவன் இல்லைங்க. அவன் பிடிச்சது ஒரு கெண்டை. எனக்குச் சொல்ல வெட்கமா இருந்துச்சு, அவ்வளவுதான்.

அதனால அந்த மெசேஜுக்கு லொகேஷனா இல்லாம, இந்த எபிசோடோட லிங்க்கை அனுப்பப் போறேன். கேட்டுட்டு அவன் போன் பண்ணுவான்னு நினைக்கிறேன். கோவமாக்கூட இருக்கலாம்.

சித்தப்பாகிட்ட இதைப் பதிவு பண்ணப் போறேன்னு போன வாரமே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "பொங்கல் கழிஞ்சு தண்ணி தெளியும், அப்ப வாலே. போனை வீட்டுலயே வச்சிட்டு வரணும்" என்றார். எங்க போறோம் சித்தப்பான்னு கேட்டேன்.

"ஆத்துக்குத்தான்."