ஒற்றை நட்டின் கதை

மாற்றுச் சக்கரத்தை நம் ஊரில் எல்லோரும் 'ஸ்டெப்னி' என்றே சொல்கிறோம். அது ஒரு தெருவின் பெயர் என்பதை நாம் நினைத்துப் பார்த்திருக்க மாட்டோம். வேல்ஸில் லனெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெரு இருக்கிறது. 1904இல் அங்கே தொழில் நடத்திய தாமஸ் மோரிஸ் டேவிஸ், காற்றடைத்த டயர் பூட்டிய, ஆரக்கால் இல்லாத வளையம் ஒன்றை உருவாக்கினார். டயர் பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை. வளையத்தை அதன் பக்கவாட்டில் இறுக்கிக்கொண்டு வீடு போய்ச் சேரலாம். பிரிட்டனில் அச்சொல் ஏறக்குறைய மறைந்துவிட்டது, நம்மிடம் தங்கிவிட்டது.

டேவிஸ் சக்கரத்தின் மேல் இன்னொன்றை ஒட்டவைக்க நேர்ந்ததற்குக் காரணம் எளியது. அன்றைய காரில் சக்கரம் கழற்றுவதற்கென்று செய்யப்பட்டதன்று. மாட்டுவண்டியில் கடையாணியைத் தட்டி எடுத்தால் சக்கரம் கையோடு வந்துவிடும். இயந்திர வண்டியைச் செய்தவர்கள் அந்தப் பழைய வசதியை ஏனோ மறந்திருந்தார்கள்.

இதன் விலை 1906 ஜூன் 26, 27 தேதிகளில் பிரான்சின் லெ மான் நகருக்கு அருகே நடந்த முதல் கிராண்ட் பிரீ பந்தயத்தில் தெரிந்தது. ஒரு சுற்று 103 கிலோமீட்டர். கடும் வெயிலில் தார் உருகியது, கற்கள் டயர்களைக் கிழித்தன. ஓட்டுநரும் உடன் பயணிக்கும் மெக்கானிக்கும் தவிர வேறெவரும் காரைத் தொடக் கூடாது என்பது விதி. கிழிந்த டயரை அவர்கள் கத்தியால் அறுத்தெடுத்துப் புதியதைக் கடப்பாறை கொண்டு நெம்பி ஏற்றுவதற்குள் கால் மணி நேரம் கழிந்துவிடும். ரெனோ காரை ஓட்டிய ஹங்கேரியர் ஃபெரென்ஸ் சிஸ், மிஷலின் நிறுவனத்தின் கழற்றத்தக்க ரிம்மைப் பயன்படுத்தினார். டயர் ஏற்கெனவே பூட்டிய ரிம்மைச் சில நட்டுகளால் மரச்சக்கரத்தின் மேல் இறுக்கிவிட்டால் போதும். நான்கு நிமிடத்துக்குள் வேலை முடிந்தது. இரண்டாவதாக வந்த நட்சாரோவை அவர் அரை மணி நேரத்துக்கு மேற்பட்ட இடைவெளியில் வென்றார். சிஸ்ஸின் மெக்கானிக் பெயர் மார்த்தோ. பிரெஞ்சு மொழியில் அச்சொல்லுக்குச் 'சுத்தியல்' என்று பொருள். அடுத்து வரப்போகும் கதைக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை ஒரு நாவலாசிரியர் வைத்திருந்தால் நாம் நம்பியிருக்க மாட்டோம்.

ரிம்மை மட்டும் ஏன் கழற்ற வேண்டும், சக்கரம் முழுவதையுமே கழற்றினால் என்ன என்று கேட்டவர்கள் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்து சைக்கிள்காரர்கள். 1894இல் இரு நிறுவனங்கள் இணைந்து உருவானது ரட்ஜ்-விட்வொர்த். அங்கே ஜான் பியூ வடிவமைத்த கம்பிச் சக்கரத்தின் குடத்துக்குள் பற்கள் வெட்டப்பட்டிருந்தன. அச்சின் முனையிலும் அதே பற்கள். இரண்டையும் பொருத்தித் தள்ளினால் எஞ்சினின் முறுக்கு விசை முழுவதையும் பற்கள் ஏற்றுக்கொள்ளும். சக்கரம் வெளியே நழுவாமல் பிடித்துக்கொள்ள நடுவில் ஒரே ஒரு நட்டு போதும். பிற்காலத்தில் அந்த நட்டுக்கு இரண்டு காதுகள் வைத்தார்கள். காதில் சுத்தியலால் ஓங்கித் தட்டினால் கழன்றுவிடும், மறுபுறம் தட்டினால் இறுகிவிடும். இரும்புச் சுத்தியல் காதைச் சிதைத்துவிடும் என்பதால் ஈயத்தாலோ செம்பாலோ ஆன சுத்தியல்.

இதில் நம்மை வியக்கவைப்பது மரை வெட்டப்பட்ட திசை. வண்டியின் எடை எப்போதும் கீழ்நோக்கியே அழுத்துகிறது, சக்கரமோ சுழல்கிறது. எனவே எவ்வளவு இறுக்கினாலும் நட்டும் சக்கரமும் ஒன்றின்மேல் ஒன்று கண்ணுக்குத் தெரியாத அளவில் உருண்டுகொண்டே இருக்கும். அந்த ஊர்தல் நட்டைக் கழற்றும் திசையில் அமைந்தால் ஆபத்து. ஆகவே ரட்ஜ் வகையில் காரின் இடப்புறம் வழக்கமான மரை, வலப்புறம் எதிர்மரை. முன்னோக்கி ஓட ஓட நட்டு இறுகும் போக்கில்தான் இருக்கும். சைக்கிள் பெடலைக் கழற்றியவர்கள் அங்கே இடப்புறம்தானே எதிர்மரை என்று கேட்கலாம். உண்மைதான். பெடலில் திருகு துளைக்குள்ளே போகிறது. இங்கே நட்டு, சக்கரத்தின் கூம்பை வெளியிலிருந்து கவிந்து பிடிக்கிறது. உள்ளும் வெளியும் மாறுவதால் திசையும் மாறுகிறது. பழைய காரைப் புதுப்பிக்கிறவர் இரு பக்கத்துக் குடங்களையும் அறியாமல் இடம் மாற்றிவிட்டால், அந்தக் கார் ஓடும்போது தன் நட்டைத் தானே கழற்றிக்கொள்ளும்.

1908 கிராண்ட் பிரீக்கு நேப்பியர் நிறுவனம் இந்தச் சக்கரங்களோடு வர விரும்பியது. பிரெஞ்சு ஆட்டோமொபைல் கழகம் அனுமதி மறுத்தது. ரிம்மைக் கழற்றலாம், சக்கரத்தைக் கழற்றக் கூடாது என்றார்கள். நேப்பியர் விலகிக்கொண்டது. அனுமதிக்கப்பட்ட ரிம் பிரெஞ்சுக்காரருடையது, மறுக்கப்பட்ட சக்கரம் ஆங்கிலேயருடையது என்பதைப் பார்க்கையில், அது விளையாட்டின் தூய்மை பற்றிய கவலை மட்டும்தான் என்று ஏற்க நமக்கு மனம் வரவில்லை. தடை நிலைக்கவில்லை. 1922 பாரிஸ் கார் கண்காட்சியில் ரட்ஜ்-விட்வொர்த்தின் பிரெஞ்சுப் பிரதிநிதி எமில் கொக்கீ, லெ மான் கழகத்தின் ஜார்ஜ் துராந், பத்திரிகையாளர் ஷார்ல் ஃபரூ மூவரும் பேசியதிலிருந்துதான் இருபத்துநான்கு மணி நேரப் பந்தயம் பிறந்தது. கொக்கீ ஒரு லட்சம் ஃபிராங்க் தர முன்வந்தார். 1923 மே மாதம் முதல் பந்தயம் ரட்ஜ்-விட்வொர்த் கோப்பைக்காக ஓடப்பட்டது. வெளியே நிறுத்தப்பட்ட சக்கரம், பதினைந்து ஆண்டுகளில் அதே நாட்டில் பந்தயத்தையே நடத்தும் புரவலராகிவிட்டது.

ஒற்றை நட்டுக்கு ஒரு குறை உண்டு. ஐந்து நட்டுகளில் ஒன்று தொலைந்தால் நான்கு மிஞ்சும். இங்கே தொலைந்தால் தொலைந்ததுதான். 1957 ஆகஸ்ட் 4 அன்று நூர்பர்க்ரிங்கில் ஃபாஞ்சியோ தன் மசராட்டியை டயர் மாற்ற நிறுத்தியபோது சுமார் 30 விநாடி முன்னிலையில் இருந்தார். கழற்றிய நட்டு ஒன்று காருக்கு அடியில் உருண்டு ஓடிவிட, மெக்கானிக்குகள் அதைத் தேடிக்கொண்டிருந்தார்கள் என்பது பந்தய உலகில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. புறப்படும்போது அவர் முக்கால் நிமிடத்துக்கும் மேல் பின்தங்கியிருந்தார். நாற்பத்தாறு வயதுக்காரர் பின்னர் சுற்றுச் சாதனையை மீண்டும் மீண்டும் முறியடித்து, இறுதிக்கு முந்தைய சுற்றில் காலின்ஸையும் ஹாதார்னையும் கடந்து வென்றதைப் பலரும் எழுதிவிட்டார்கள். நட்டைத் தேடித் தரையில் தவழ்ந்தவரைப் பற்றி எவரும் எழுதவில்லை.

சாலைக் கார்களில் இந்தச் சக்கரத்துக்கு முடிவு வந்தது காதுகளால். சுழலும் சக்கரத்தின் நடுவே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உலோகம் நடந்து செல்பவரின் காலுக்கு என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. 1964இல் வந்த 'கோல்ட்ஃபிங்கர்' திரைப்படத்தில் ஜேம்ஸ் பாண்டின் ஆஸ்டன் மார்ட்டினில் அந்த நட்டுதான் வெளியே நீண்டு பக்கத்துக் காரின் டயரைக் கிழிக்கிறது; அரங்கில் கைதட்டல் எழுந்திருக்கும். 1968 முதல் அமெரிக்கப் பாதுகாப்பு விதி காதுள்ள நட்டுகளைத் தடை செய்தது. ஜாகுவார் ஈ-டைப்புக்குக் காதில்லா நட்டும், எம்ஜிபிக்கு எண்கோண நட்டும் வந்தன. 1996இல் அந்த விதி நீக்கப்பட்டபோது, பெரும்பாலான கார்கள் மலிவான ஐந்து நட்டு முறைக்கு எப்போதோ மாறியிருந்தன.

பந்தயத்தில் ஒற்றை நட்டு விடைபெறவேயில்லை. சுத்தியல் இருந்த இடத்துக்குக் காற்றழுத்தத் துப்பாக்கி வந்தது. 2023 கத்தார் பந்தயத்தில் மெக்லாரன் அணி நான்கு சக்கரங்களையும் 1.80 விநாடியில் மாற்றியது. அவ்வேகத்தின் மறுபக்கத்தைப் பெரிதும் அனுபவித்தவர் நைஜல் மான்செல். 1987 ஹங்கேரியில் முதலிடத்தில் இருந்தபோது, ஆறே சுற்றுகள் மிச்சமிருக்கையில் பின்சக்கர நட்டு கழன்று விழுந்தது. 1991 போர்ச்சுகலில், டயர் மாற்றிப் புறப்பட்ட சில அடிகளிலேயே பின்சக்கரம் தனியே உருண்டு போயிற்று. மூன்று சக்கரத்தோடு நின்ற காரைச் சுற்றி அவர் அணியினர் பதறி ஓடினார்கள். 2013 ஜெர்மனியில் வெப்பரின் காரிலிருந்து இப்படிக் கழன்ற சக்கரம் ஒளிப்பதிவாளர் ஒருவரைத் தாக்கிக் காயப்படுத்தியது. இதற்கு நேர் எதிரானது 2021 மொனாக்கோவில் போட்டாஸுக்கு நடந்தது. துப்பாக்கி சற்றே சாய்ந்து நட்டின் பற்களை மழித்துவிட, சக்கரம் வரவேயில்லை. காரை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் 43 மணி நேரத்துக்குப் பிறகுதான் அதைக் கழற்ற முடிந்தது.

விசித்திரம் என்னவென்றால், அவசரமே இல்லாத சாலைக்கு இது மறுபடி வந்திருக்கிறது. போர்ஷே நிறுவனம் 2009இல் தன் 911 ஜிடி3 காரில் ஒற்றை நட்டைப் பொருத்தியது. பின்வந்த தலைமுறையில் அதை 600 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கி, கால் சுற்றுத் தளர்த்தி, மறுபடி அதே அளவுக்கு இறுக்க வேண்டும். சாதாரணக் குடும்பக் காரின் நட்டுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கே போதுமானது. மரையில் அலுமினியப் பசை தடவ வேண்டும், உள்ளிருக்கும் பூட்டு சரியாக வெளியே வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தனியாளாகச் செய்ய முடியாது. ஒருவர் உள்ளே அமர்ந்து பிரேக்கை மிதித்துப் பிடிக்க, மற்றவர் ஆளுயரத்தில் பாதியிருக்கும் ஸ்பானரைத் தன் எடை முழுவதையும் போட்டு அழுத்த வேண்டும். 1906இல் சிஸ்ஸும் மார்த்தோவும் இருவராகத்தான் நின்றார்கள்.