ஆதி இந்து இயக்கம், ஐதராபாத்

ஆதி இந்து இயக்கம், நிசாம் ஆண்ட ஐதராபாத் சமஸ்தானத்தில் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தீண்டாமைக்கு எதிராக எழுந்த சமூக இயக்கம். தீண்டப்படாதார் எனப்பட்டோரே இந்நாட்டின் பூர்வகுடிகள், சாதியைக் கொண்டுவந்தவர்கள் பின்னர் வந்த ஆரியர் என்பது இதன் அடிப்படை வாதம். இதன் தலைவர் பாக்ய ரெட்டி வர்மா (1888–1939).

பின்னணி

சமஸ்தானத்தில் தெலுங்கு, மராத்தி, கன்னடம் பேசும் பகுதிகள் இருந்தன. ஆட்சிமொழி உருது. ஆட்சியாளரான நிசாம் முஸ்லிம், குடிகளில் பெரும்பான்மையோர் இந்துக்கள். இப்பிரிவுகள் அனைத்துக்கும் அடியில் சாதிப் பிரிவு கிடந்தது. தெலங்கானா ஊர்களில் தீண்டப்படாத சாதியினரான மாலர், மாதிகர் ஆகியோர் ஊருக்கு வெளியே வாழ்ந்து, கூலியின்றி வெட்டிவேலை செய்தனர்.

வளர்ச்சி

பாக்ய ரெட்டி வர்மா 1906இல் ஜகன் மித்ர மண்டலியையும் 1911இல் மான்ய சங்கத்தையும் தொடங்கினார். 1910 முதல் ஐதராபாத்தில் தீண்டப்படாதாரின் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் திறந்தார். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் தேவதாசி, ஜோகினி வழக்கங்களையும் குடிப்பழக்கத்தையும் எதிர்த்தார். பிரம்ம சமாஜத்துடனும் ஆரிய சமாஜத்துடனும் பழகிய அவருக்கு ‘வர்மா’ பட்டத்தை ஆரிய சமாஜம் அளித்தது. புத்தரிடமும் அவருக்கு ஈடுபாடு இருந்தது. புத்த ஜெயந்தி கொண்டாடினார்.

1917இல் சென்னை மாகாணத்தின் பெஜவாடாவில் (இன்றைய விஜயவாடா) பஞ்சமர் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய அவர், தீண்டப்படாதாரைக் குறிக்கும் ‘பஞ்சமர்’ என்ற சொல்லுக்குச் சாத்திர ஆதாரம் இல்லை என்று கூறி, ‘ஆதி ஆந்திரர்’ என்ற பெயரை ஏற்கச் செய்தார். பூர்வகுடி என்ற இதே சிந்தனை தமிழகத்தில் முன்பே வேரூன்றியிருந்தது. அயோத்திதாசப் பண்டிதர் 1891இல் திராவிட மகாஜன சபையை நிறுவி, ஒடுக்கப்பட்டோரைப் பூர்வ பௌத்தர் என வாதிட்டார். 1922இல் சென்னை அரசு ஆதி திராவிடர், ஆதி ஆந்திரர் என்ற பெயர்களை ஏற்றது. ஐதராபாத்தில் மான்ய சங்கம் ஆதி இந்து சமூக சேவைச் சங்கமாக மாறியது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நிசாம் அரசு ‘ஆதி இந்து’ என்றே பதிவு செய்தது.

இன வாதமும் அறமும்

மண்ணுக்கு முதல் உரிமையாளர் என்ற வாதம் தாழ்த்தப்பட்டோருக்குத் தன்மதிப்பைத் தந்தது. ஆனால் மனிதனின் மதிப்பை அவன் பிறப்பிலேயே தேடியது அதன் குறை. அம்பேத்கர் இந்த இன வாதத்தை ஏற்கவில்லை. ஒரே வட்டாரத்தின் பிராமணரும் தீண்டப்படாதாரும் ஒரே இனத்தவரே என்று 1936இல் எழுதிய அவர், சாதியை அறக்கேடாகவே கண்டார். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் ஆகியவற்றையே அதற்கு மாற்றாக முன்வைத்தார்.

பிற்காலம்

பாக்ய ரெட்டி வர்மாவுக்குப் பின் பி. எஸ். வெங்கட்ராவ், ஜே. சுப்பையா, பி. ஷியாம் சுந்தர் ஆகியோர் முன்னணிக்கு வந்தனர். 1947–48இல் நிசாமை ஆதரிப்பதா, இந்தியாவுடன் இணைவதா என்பதில் அவர்களிடையே பிளவு ஏற்பட்டது. நிசாம் பக்கம் சேர வேண்டாம் என்று அம்பேத்கர் கேட்டுக்கொண்டார். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு, யார் பூர்வகுடி என்று கேட்காமலே தீண்டாமையை ஒழித்தது.

ஒரே பெயரின் கீழ் திரண்டவர்களுக்குள் இருந்த ஏற்றத்தாழ்வு அதன் பிறகும் தீரவில்லை. கல்வியிலும் வேலையிலும் மாலர் முந்தியதாக மாதிகர் பல ஆண்டுகள் போராடினர். 2025இல் தெலங்கானா அரசு பட்டியல் சாதியினரை மூன்று பிரிவுகளாக்கி இடஒதுக்கீட்டைப் பகிர்ந்தளிக்கும் சட்டத்தை நடைமுறைப்படுத்தியது.