கப்பல் தளமும் சால் கேலரியும்: மும்பையின் மரத்தளங்களை யார் பராமரித்தார்கள்?

மும்பைக் கப்பல் கட்டும் துறையில் 1817-இல் ஜம்ஷெட்ஜி போமன்ஜி வாடியாவின் மேற்பார்வையில் கட்டி முடிக்கப்பட்ட 'டிரிங்கமலி' என்னும் போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. மலபார்த் தேக்கால் ஆனது அது. அதே நகரத்தில், பல தலைமுறை பிற்பட்டு எழுந்த குடியிருப்புகளின் மரத்தளங்களோ ஒவ்வொரு மழைக்காலத்திலும் இடிந்து விழும் செய்தியாக நாளிதழ்களில் இடம்பெறுகின்றன. கடல்நீரில் கிடந்த தேக்கு இரு நூற்றாண்டுகளைக் கடந்து நிற்க, மக்கள் குடியிருந்த வீட்டின் தேக்கு ஏன் விழுகிறது? மும்பையின் வீட்டு வரலாற்றைப் பயிலும் மாணவர்கள் இக்கேள்வியிலிருந்து தொடங்குவது பயன் தரும் என்று கருதுகிறேன்.

முதலில் பொருள் வரையறை. மும்பையின் 'சால்' என்பது ஒற்றை அறைகளை வரிசையாக அடுக்கிய தொழிலாளர் குடியிருப்பு. 1850-களில் முதல் பஞ்சாலை தோன்றியதும், 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி விலை உயர்ந்ததும் நகருக்குப் பெருந்திரளான மக்களைக் கொண்டுவந்து சேர்த்தன. அவர்களுக்காக எழுந்த சால்களில், அறைகளின் முன்னே கட்டடத்தின் நீளம் முழுவதும் ஓடும் பொதுத் திண்ணை போன்ற மரத்தளமே 'கேலரி'. அறைக்குள் நுழையும் வழி அதுவே. துணி உலர்த்துவதும், குழந்தைகள் விளையாடுவதும், கோடையில் ஆடவர் படுத்துறங்குவதும் அங்கேதான். கிர்காவில் உள்ள கேசவ்ஜி நாயக் சாலில் 1893-இல் பொதுக் கணபதி விழா தொடங்கியபோது, முற்றம் மேடையானது. கேலரிகள் பார்வையாளர் அரங்குகளாயின. மும்பையின் பொதுவாழ்வுக்கு இடமளித்த அரங்குகளுள் இந்த மரத்தளங்களும் அடங்கும்.

இத்தளத்தின் கட்டுமானம் எளியது. செங்கல் சுவரிலோ மரச்சட்டகத்திலோ ஒரு முனை பதிந்து, மறுமுனை வெளியே நீளும் விட்டங்கள், அவற்றின்மேல் பலகைகள், வெளி விளிம்பில் மரத்தூண்கள் அல்லது அடியில் சாய்வாகத் தாங்கும் கைமரங்கள், மேலே கிராதி. மலபாரிலிருந்தும் பர்மாவிலிருந்தும் தேக்கு கடல்வழியே வந்தது. பம்பாய் பர்மா வணிகக் கழகம் 1863-இல் நிறுவப்பட்டது என்பது இந்தத் தேக்கு வணிகத்தின் அளவை உணர்த்தும். பழைய சால்களை இடிக்கும்போது கிடைக்கும் பர்மாத் தேக்கு இன்றும் நல்ல விலைக்குப் போகிறது. அறைகலன்களாக மறுபிறவி எடுக்கிறது. ஆகவே மரம் தரமற்றது என்னும் விளக்கம் பொருந்தாது. நூறாண்டு கடந்த விட்டத்தின் நடுப்பகுதி உறுதியாக இருக்கையில், அதன் சுவர்முனை மட்டும் மக்கிப்போயிருக்கும். சிக்கல் அந்த முனையில்தான் இருக்கிறது.

மரத்தை மக்கச் செய்யும் பூஞ்சைக்கு ஈரம் வேண்டும். ஈரப்பதம் 20 விழுக்காட்டிற்குக் கீழே நிற்கும் மரத்தில் அது வளர்வதில்லை. பலகையின் மேற்பரப்பில் விழும் மழைநீர் வெயிலிலும் காற்றிலும் உலர்ந்துவிடும். சுவருக்குள் புதைந்த முனையில் புகுந்த நீர் உலர வழியில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் நகரத்தில், அந்தச் சுவர்க்குழி நான்கு மாதங்கள் ஈரமாகவே இருக்கும். கேலரியின் கோடியில் அமைந்த பொதுக் கழிப்பறையும் குழாயடியும் மற்ற எட்டு மாதங்களுக்கும் ஈரத்தை வழங்கின. கண்ணுக்குத் தெரியும் கிராதியும் பலகையும் நன்றாக இருக்க, கண்ணுக்குத் தெரியாத முனை உள்ளிருந்தே மக்குகிறது. விட்டம் வளைந்து எச்சரிப்பதற்கு முன்பே சுவரிலிருந்து கழன்றுவிடக்கூடும்.

இதனோடு சுமையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வீட்டின் அறைத் தளத்திற்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன் சுமையைக் கொள்ளும் இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 875, இரண்டாம் பகுதி, 1987), பால்கனிக்கு 3 கிலோநியூட்டனை வகுக்கிறது, அதாவது ஏறத்தாழ 300 கிலோ எடை. அறையைவிடப் பால்கனிக்கே மிகுதியான வலிமை வேண்டும் என்பது பலருக்கு வியப்பளிக்கும். காரணம் வெளிப்படை: கூட்டம் கூடுவது அங்கேதான், ஊர்வலத்தைக் காண அனைவரும் விளிம்புக்கே வருவர். சால்களைக் கட்டியவர்கள் முன் இத்தகைய கணக்கு ஏதும் இருக்கவில்லை. பின்னர் வந்த குடியிருப்போரோ, பலகை ஒழுகுகிறது என்று அதன்மேல் சிமென்ட் பூசினர். 1.2 மீட்டர் அகலமும் 30 மீட்டர் நீளமும் கொண்ட ஒரு கேலரியை எடுத்துக்கொள்வோம். 5 சென்டிமீட்டர் தடிமனில் சிமென்ட் கலவை இட்டால் மட்டும் 4 டன்னுக்கு மேல் நிலையான எடை கூடுகிறது. கசிவைத் தடுப்பதாக நினைத்து இட்ட அந்தப் பூச்சில் விரிசல் விடும்போது, உள்ளே இறங்கிய நீர் வெளியேற முடியாமல் பலகையோடு தங்கிவிடுகிறது. தண்ணீர்ப் பற்றாக்குறையால் வாசலில் வைத்த 200 லிட்டர் பீப்பாயோ, தான் நிற்கும் சிறு வட்டத்தில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 700 கிலோ அழுத்தத்தைத் தருகிறது. ஒவ்வொரு செயலும் அன்றாடத் தேவையிலிருந்து எழுந்தது. அவற்றின் கூட்டுத்தொகையைக் கணக்கிடும் பொறுப்பு எவருக்கும் இல்லை.

இங்குதான் கட்டடவியல் முடிந்து வரலாறு தொடங்குகிறது. கப்பலின் தளத்திற்கு ஓர் உரிமையாளர் உண்டு. பலகை இணைப்புகளை அடைப்பதும், மக்கிய பலகையை மாற்றுவதும் குழுவினரின் வழக்கமான பணிகள். 'டிரிங்கமலி' இன்று நிற்பதற்குத் தேக்கு மட்டும் காரணமன்று. அது சிதைந்த நிலையை எட்டியபோது பல ஆண்டுகள் உழைத்து 2001-இல் புதுப்பித்து முடித்தார்கள். கேலரிக்கு அத்தகைய பொறுப்பாளர் எவர்? குடியிருப்பவர் வாடகை தருவது அறைக்கு. கேலரி அனைவருக்கும் பொது. எனவே எவருடையதும் அன்று.

அரசின் பார்வையும் அதைக் கடந்து சென்றது. 1896-இல் மும்பையில் பரவிய பிளேக் நோயை அடுத்து, 1898-இல் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை உருவானது. அதன் அக்கறை வெளிச்சமும் காற்றும். கட்டட உயரத்திற்கும் திறந்தவெளிக்கும் உள்ள உறவை வரையறுக்க 63.5 பாகை ஒளிக்கோண விதி வகுக்கப்பட்டது. அறைக்குள் எவ்வளவு ஒளி விழுகிறது என்று கோணம் வைத்து அளந்த நிருவாகம், அந்த அறைக்குப் போகும் தளத்தின் ஆயுளை அளக்கவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அறைகளையே அலகாகக் கொண்டது. 1920-களில் பம்பாய் வளர்ச்சித் துறை கட்டிய காங்கிரீட் சால்களில் நடைவழி கட்டடத்தின் நடுவே போனது, வெளிக்கேலரி மறைந்தது. மரத்தளத்தின் சிக்கலுக்குத் தீர்வு காணாமல் மரத்தளத்தையே நீக்கிய அணுகுமுறை அது.

சட்டத்தின் கதை இன்னும் கவனத்துக்குரியது. 1888-ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டத்தில் 354-ஆம் பிரிவு, இடிந்து விழும் நிலையிலுள்ள கட்டடத்தை இடிக்கவோ தாங்கல் கொடுக்கவோ பழுதுபார்க்கவோ உரிமையாளருக்கு அல்லது குடியிருப்பவருக்கு அறிவிப்பு அனுப்ப ஆணையருக்கு அதிகாரம் தருகிறது. 'அல்லது' என்னும் அந்தச் சொல்லில் பொறுப்பு இருவருக்குமிடையே தொங்குகிறது. மேலும், அப்பிரிவு விழிப்பது ஆபத்து முற்றிய பிறகே. 30 ஆண்டு கடந்த கட்டடங்களின் உறுதியைச் சோதித்துச் சான்று பெற வேண்டும் என்னும் 353பி பிரிவு மிகப் பிற்காலத்தில்தான் சேர்க்கப்பட்டது.

1947-இல் வந்த பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1940 செப்டம்பர் 1-ஆம் நாளின் வாடகையை அளவுகோலாக நிறுத்தியது. போர்க்காலத்தில் வீடற்றுத் தவித்த மக்களைக் காப்பாற்ற அது இன்றியமையாததாக இருந்தது. அதை மறுப்பது வரலாற்று நேர்மையாகாது. ஆனால் விலைவாசி உயர உயர, உறைந்த வாடகை பழுதுபார்ப்புச் செலவுக்கு ஈடாகவில்லை. உரிமையாளர் கைவிட்டார், குடியிருப்பவருக்குத் தம்முடையது அல்லாத கட்டடத்தில் பணம் போட மனமும் இல்லை, பலருக்கு வசதியும் இல்லை. பர்மாவை 1942-இல் ஜப்பான் கைப்பற்றியதோடு பழைய தேக்கு வரத்தும் அறுந்திருந்தது. 1940-ஆம் ஆண்டு வாடகையைத் தொடர்ந்து உறையவைப்பது நியாயமற்றதாகிவிட்டது என்று உச்ச நீதிமன்றம் மல்பே விஸ்வநாத் ஆச்சார்யா வழக்கில் கூறியபோது 1997-ஆம் ஆண்டு முடிவை எட்டியிருந்தது. இடைப்பட்ட அரை நூற்றாண்டும் விட்டத்தின் முனைகள் சுவருக்குள் மக்கிக்கொண்டிருந்தன.

இடையில் அரசு தலையிடாமல் இல்லை. 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழிக் கட்டடப் பழுதுபார்ப்பு மற்றும் புனரமைப்பு வாரியம் தோன்றியது. பழைய கட்டடங்களின்மேல் 'செஸ்' விதித்து, அந்நிதியில் பழுதுபார்ப்பது திட்டம். இதன்கீழ் வந்த கட்டடங்கள் 19,642. அவற்றுள் 16,502 கட்டடங்கள் 1940 செப்டம்பருக்கு முன் கட்டப்பட்டவை. இந்த வாரியம் பிற்பாடு மகாராட்டிர வீட்டுவசதி ஆணையமான 'மாடா'வுடன் இணைந்தது. பராமரிப்பை ஒரு பொதுப்பணியாக ஏற்ற இம்முயற்சி இந்திய நகர வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. எனினும் பழுதுபார்ப்புச் செலவுக்கு உச்சவரம்பு இருந்தது. அதைத் தாண்டும் கட்டடம் பழுதுபார்க்க இயலாதது என்று வகைப்படுத்தப்படும். எனவே மரக்கம்பங்களால் முட்டுக் கொடுத்து நிறுத்துவது நடைமுறையாயிற்று. மராத்தியில் இதை 'டேக்கூ' என்பார்கள். தற்காலிகமாக வைத்த டேக்கூக்கள் ஆண்டுக்கணக்கில் நின்று, கட்டடத்தின் உறுப்புகளாகவே மாறிவிட்டன.

மரத்தை விட்டு இரும்புக்கு மாறியிருந்தால் தப்பித்திருக்கலாமே என்று கேட்கலாம். விடை காலா கோடாவில் இருக்கிறது. இங்கிலாந்தில் வார்க்கப்பட்டுக் கப்பலில் வந்த இரும்புப் பாகங்களை இணைத்து 1860-களில் எழுந்த வாட்சன் ஓட்டல், பிற்காலத்தில் 'எஸ்பிளனேடு மேன்ஷன்' ஆகிப் பல சிறு குத்தகைகளாகத் துண்டுபட்டது. 1896 ஜூலை 7 அன்று இந்தியாவில் முதன்முதலாகத் திரைப்படக் காட்சி நடந்த இடம் அது. 2005 ஜூலையில், மழைக்காலத்தில், அதன் பால்கனி இடிந்து விழுந்து ஒருவர் உயிரிழந்தார். பொருள் இரும்பானாலும், பொறுப்பு துண்டுபட்ட இடத்தில் விளைவு மாறவில்லை.

1986-இல் மாடா சட்டத்தில் சேர்க்கப்பட்ட 8அ அத்தியாயம், குடியிருப்போரில் 70 விழுக்காட்டினர் கோரினால் செஸ் கட்டடங்களைக் கையகப்படுத்த வழிவகுத்தது. அதை எதிர்த்து உரிமையாளர் சங்கம் தொடுத்த வழக்கே, 2024 நவம்பர் 5 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வின் தீர்ப்பாக முடிந்தது. தனியார் சொத்து அனைத்தும் 'சமூகத்தின் பொருள்வளம்' ஆகிவிடாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். அரசியலமைப்பின் 39(ஆ) பிரிவைப் பற்றிய விவாதமாகவே மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். அதன் வேரில் இருப்பது, மக்கிய விட்டத்தை மாற்றும் கடமை யாருக்கு என்னும் வினா என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டுகிறேன்.

வாடகைக் கட்டுப்பாடு மட்டுமே காரணம் என்போரும், உரிமையாளரின் பேராசை மட்டுமே காரணம் என்போரும் கேலரியைக் கவனிப்பதில்லை. வாடகை உறைவதற்கு முன்பே கேலரிக்குப் பொறுப்பாளர் இல்லை. வாடகை உயர்ந்தாலும் சுவர்க்குழியை யாரேனும் திறந்து பார்த்தாலொழிய அது காக்கப்படாது. இன்று நம் நகரங்களில் அடுக்ககங்கள்தோறும் தொங்கும் பால்கனிகளுக்கும் இது பொருந்தும். குறைந்தது 1 மீட்டர் உயரக் கைப்பிடி வேண்டும் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்கிறது. கைப்பிடியைத் தாங்கும் தளம் சுவரோடு சேரும் இடத்தை மழைக்கு முன் ஆண்டுதோறும் ஒருவர் தட்டிப் பார்க்க வேண்டும். நீர் வடியும் சரிவு, விரிசல், துருக்கறை, விளிம்பில் கூடிய புதிய எடை ஆகிய நான்கையும் பார்க்கச் சில மணி நேரம் போதும். அந்த ஒருவர் யார் என்பதைக் குடியிருப்போர் சங்கம் பெயர் சுட்டித் தீர்மானித்திருக்க வேண்டும்.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் வீட்டு வரலாறுகள் பெரும்பாலும் கட்டியவர்களைப் பற்றியவை. பழுதுபார்த்தவர்களைப் பற்றிய வரலாறு இன்னும் எழுதப்பட வேண்டியிருக்கிறது. வாடகைச் சீட்டுகள், 354-ஆம் பிரிவின் அறிவிப்புகள், வாரியத்தின் பழுதுபார்ப்புக் கோப்புகள், டேக்கூ வைத்த தச்சர்களின் நினைவுகள் எனச் சான்றுகள் சிதறிக் கிடக்கின்றன. சால்கள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு வருகின்றன; கட்டடத்தோடு கோப்புகளும் போய்விடும். மும்பையில் உள்ளவர்கள் இப்பணியை இவ்வாண்டே தொடங்கினால் நல்லது.