தனியாள் கல்வித் திட்டம் உரிமையான வரலாறு

கற்போனின் ஏற்குந் திறனை அறிந்து, அவன் மனத்திற் பதியுமாறு பாடஞ் சொல்லுதலே ஆசிரியர்க்குரிய முறை எனப் பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்தனர். அந்நெறி ஆசிரியரது கடமையையும் கருணையையும் சார்ந்தது. பிள்ளை அதனை வழக்காடிப் பெறுதற்கில்லை. அத்தகைய நெறியொன்று ஐக்கிய அமெரிக்க நாட்டிற் குறைபாடுடைய பிள்ளைகளின் சட்ட உரிமையாக மாறிய வரலாற்றை ஈண்டு நோக்குவாம்.

1919 ஆம் ஆண்டில் விஸ்கொன்சின் மாநில உச்ச நீதிமன்றம் ஒரு சிறுவனின் வழக்கை விசாரித்தது. அவன் பிறவியிலேயே வாதமுற்றவன், பேச்சுத் தெளிவற்றவன், ஆயினும் கல்வியிற் பின்னடைந்தவன் அல்லன். அவனது தோற்றம் ஆசிரியருக்கும் உடன் மாணாக்கருக்கும் வருத்தந் தருகின்றது என்று கூறி அவனை விலக்கியது பாடசாலைச் சபை. அவ்விலக்கு செல்லும் என்றே நீதிமன்றமும் தீர்த்தது. பள்ளிக்குப் பொருந்தாத பிள்ளை பள்ளியை விட்டு நீங்குக என்பதே அக்காலத்து நியாயம்.

1954 இல், நிறம் பற்றிப் பிள்ளைகளைப் பிரித்துக் கற்பித்தல் அரசியலமைப்புக்கு முரணானது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் நியாயம் தம் பிள்ளைகட்கும் பொருந்தும் எனக் கண்டனர் குறைபாடுடைய பிள்ளைகளின் பெற்றோர். பென்சில்வேனியாவில் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் பொருட்டு அவர்கள் தொடுத்த வழக்கில், அப்பிள்ளைகளை விலக்குவதில்லை என 1971 இல் மாநில அரசு உடன்பட்டது. வாசிங்டன் நகரிலோ, பணம் போதாது என்றது கல்விச் சபை. பணம் போதாதெனின் அக்குறையை எல்லாப் பிள்ளைகளும் ஒப்பத் தாங்குதல் வேண்டும். குறைபாடுடைய பிள்ளைகள் மீது அதனை மிகுதியாகச் சுமத்தலாகாது என 1972 இல் நீதிபதி யோசப் வாடி விடை பகர்ந்தார்.

இவற்றின் பயனாக எழுந்ததே 1975 ஆம் ஆண்டுச் சட்டம். குறைபாடுடைய பிள்ளைகள் எண்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் என்றும், அவருட் பாதிக்கு மேற்பட்டோர் தக்க கல்வி பெறவில்லை என்றும், பத்து இலட்சம் பேர் பொதுப் பாடசாலைக்கு முற்றிலும் புறம்பாயினர் என்றும் அச்சட்டமே எடுத்துரைத்தது. நிறைவேற்ற இயலாத வாக்குறுதிகள் இதன்கண் உள என்ற கவலையை வெளியிட்டே சனாதிபதி போர்ட் நவம்பர் 29 ஆம் நாள் அதிற் கையொப்பமிட்டார். அக்கவலை முற்றும் பொய்த்திலது. நாற்பது வீதம் வரை எனக் குறிக்கப்பட்ட மத்திய அரசின் பங்கு அவ்வளவை ஒருகாலும் எட்டவில்லை.

இச்சட்டத்தின் உயிர்நாடி தனியாள் கல்வித் திட்டமாகும். பிள்ளையின் இன்றைய நிலை யாது, ஓராண்டில் அடையவேண்டிய இலக்குகள் எவை, அதற்கு அளிக்கப்படும் உதவிகள் எவை, முன்னேற்றம் எவ்வாறு அளக்கப்படும் என்பன அதில் எழுத்து வடிவம் பெறும். ஆசிரியரும் பாடசாலைப் பிரதிநிதியும் பெற்றோரும் ஒருங்கமர்ந்து அதனை வகுப்பர், ஆண்டுதோறும் மீளாய்வர்.

எவ்வளவு கற்பித்தாற் போதும் என்ற வினா அப்பால் எழுந்தது. நியூயோர்க் மாநிலத்தில் ஏமி றோலி என்னுஞ் செவிப்புலன் குன்றிய சிறுமிக்குச் சைகைமொழி பெயர்ப்பாளர் வேண்டுமெனப் பெற்றோர் கோரினர். சைகையின்றி 59 வீதமான சொற்களையே அவள் அறிந்தாள் என்று ஒரு சோதனை காட்டிற்று. ஆயினும் அவள் வகுப்பேறி வருகின்றாள். ஓரளவு பயன் கிட்டினாற் போதும் என 1982 இல் உச்ச நீதிமன்றம் கோரிக்கையை மறுத்தது. முப்பத்தைந்து ஆண்டுகளின் பின், ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே இலக்குகளையே திரும்ப எழுதிய ஒரு திட்டம் வழக்குக்கு வந்தது. பிள்ளையின் நிலைமைக்கேற்ற முன்னேற்றத்தைத் தரவல்லதாகத் திட்டம் அமைதல் வேண்டும் என 2017 இல் அந்நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்த்தது.

சட்டம் பள்ளிக் கதவைத் திறக்கும், தாளில் எழுதுவிக்கும். பழைய இலக்கைப் படியெடுத்துவிட்டுக் கடமை முடிந்ததென அமைவதும், பிள்ளையை நோக்கிப் புதியதொன்றை எழுதுவதும் ஆசிரியர் கையிலேயே உள்ளன. நன்னூலார் ஆசிரியரிடம் வேண்டியதும் இதுவேயன்றோ!