காட்சிக் கருவியும் காத்திருப்பும்



சென்ற தவணையில் எங்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஒரு வினா எழுந்தது. கடல்கடந்து வாழும் பழைய மாணவர் சிலர், பாடசாலைக்கு ஒன்றரை இலட்சம் ரூபா பெறுமதியான உதவியை வழங்க முன்வந்திருந்தனர். பிள்ளைகள் 'வி.ஆர். ஹெட்செட்' என்று வழங்கும் மெய்நிகர் தலையணி ஒன்றினை அப்பணத்தில் வாங்கவேண்டும் என்பது அவர்களது விருப்பம். தலையில் அணிந்து கண்களை மறைத்துக்கொள்ளும் அக்கருவி, இரு கண்களுக்கும் இரு படங்களைக் காட்டும். காண்பவர் திரும்பும் திசையெல்லாம் காட்சியும் உடன் திரும்பும். கிளிநொச்சியில் வகுப்பறை வாங்கில் இருக்கும் பிள்ளை, எகிப்தியப் பிரமிட்டின் அடியில் நிற்பதாகவே உணரும்.

இன்றே வாங்காவிடின் இப்பிள்ளைகள் என்று காண்பது என்று ஒரு தந்தையார் கேட்டார். அடுத்த ஆண்டு இதனினும் நல்லது இதனினும் மலிவாக வருமே, அதுவரை பொறுப்பதன்றோ அறிவு என்று ஆசிரியை ஒருவர் மறுமொழி கூறினார். இருவர் கூற்றிலும் நியாயம் இருந்தது. வரலாற்றுப் பாடம் கற்பிப்பவன் என்ற முறையில், இவ்வினாவுக்கு வரலாறு என்ன விடை தருகிறது என்று தேடலானேன். தேடிக் கண்டதையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

இக்கருவி நேற்றுப் பிறந்ததன்று. இரு கண்களும் ஒரு பொருளைச் சற்றே வேறுபட்ட இரு கோணங்களிற் காண்கின்றன. அவ்விரண்டையும் மூளை ஒன்றாக்கும்போதே ஆழம் தோன்றுகின்றது. இவ்வுண்மையை விளக்கி, இரு கண்ணாடிகளையும் இரு வரைபடங்களையும் கொண்டு ஒரு கருவி அமைத்து, 1838ஆம் ஆண்டு இலண்டன் றோயல் சங்கத்தின் முன் வைத்தவர் சார்ள்ஸ் வீட்ஸ்டன் என்னும் ஆங்கிலேய அறிஞர். புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது அதற்கு அடுத்த ஆண்டிலேதான் என்பது நினைவுகூரத்தக்கது. பின்னர் 1849இல் ஸ்கொத்லாந்து அறிஞர் டேவிட் புரூஸ்டர் அதனை வில்லைகள் பொருத்திய சிறு பெட்டியாகச் சுருக்கினார். 1851ஆம் ஆண்டு இலண்டன் மாபெரும் பொருட்காட்சியில் விக்டோரியா மகாராணியார் அப்பெட்டியிற் கண்டு மகிழ்ந்தபின், செல்வர் வீடுகளெங்கும் அது இடம்பெறலாயிற்று.

ஆயினும் அதனை எளியோர் கைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்க மருத்துவரும் எழுத்தாளருமான ஒலிவர் வெண்டெல் ஹோம்ஸ் ஆவார். 1861இல் கையிற் பிடித்துப் பார்க்கத்தக்க மலிவான மரச்சட்டம் ஒன்றை அவர் அமைத்தார். அதற்குக் காப்புரிமை பெறாமல், விரும்பியோர் எல்லாரும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். அதன் பயனாகக் கருவி பல்கியது; படங்களும் பல்கின. அமெரிக்காவின் கீஸ்டோன் நிறுவனம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பாடசாலைகளுக்கென 600 படங்கள் கொண்ட தொகுதியொன்றை விற்றது. படங்களோடு ஆசிரியர்க்கான வழிகாட்டி நூலொன்றையும் அது சேர்த்து வழங்கியது. எந்தப் பாடத்தில் எந்தப் படத்தை எவ்வாறு காட்டுவது என்பது அந்நூலில் வகுக்கப்பட்டிருந்தது. கருவி பாடசாலையில் வாழ்ந்தது அப்படங்களாலும் அந்நூலாலுமே என்பது என் துணிபு.

இனி இக்காலக் கருவிக்கு வருவோம். தலையில் அணிந்து, கணினி வரையும் காட்சியைக் காணும் கருவியை 1968இல் அமெரிக்காவில் ஐவன் சதர்லாந்து அமைத்தார். அதன் பாரம் தாங்காமையால் அதனைக் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது. 1980களில் ஜரன் லானியர் என்பார் 'மெய்நிகர் உண்மை' என்னும் கருத்தைத் தம் நிறுவனத்தின் வாயிலாகப் பரப்பினார். கருவியின் விலையோ பல்கலைக்கழகங்களும் பெருநிறுவனங்களும் மாத்திரமே கொடுக்கத்தக்கதாக இருந்தது. 1995இல் யப்பானின் நின்டென்டோ நிறுவனம் 'வேர்ச்சுவல் போய்' என்ற மலிவான விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. செந்நிறக் கோடுகளையன்றி வேறு நிறம் காட்டாத அது, தலைவலி தருகிறதென்ற குறைபாட்டுக்கும் ஆளாகி, ஏறக்குறைய ஓராண்டிற் சந்தையை விட்டு மறைந்தது. அன்று அவசரப்பட்டு வாங்கியோர் ஏமாந்தனர், பொறுத்தவரே பிழைத்தனர். இவ்வளவில் எங்கள் ஆசிரியையின் கூற்றே வலுப்பெறுகின்றது.

ஆனால் அதன்பின் நிகழ்ந்ததை நோக்குமிடத்து வேறோர் உண்மை புலனாகின்றது. 2014இல் பேஸ்புக் நிறுவனம் ஒக்குலஸ் என்ற சிறு நிறுவனத்தை ஏறக்குறைய 200 கோடி டொலருக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. 2016இல் அதன் முதற் கருவி 599 டொலருக்கு வந்தது. அதனை இயக்க வலிய கணினியொன்றும் தனியே வேண்டியிருந்தது. 2019இற் கணினி வேண்டாத 'குவெஸ்ட்' 399 டொலருக்கும், 2020 ஒக்டோபரில் 'குவெஸ்ட் 2' 299 டொலருக்கும் வந்தன. விலை இறங்கிக்கொண்டே வருகிறது, இன்னும் பொறுப்போம் என்று எண்ணியிருந்தோர் பலர். 2022 ஓகஸ்டில் நிறுவனம் அதே குவெஸ்ட் 2இன் விலையை 100 டொலர் கூட்டிவிட்டது.

எங்கள் நாட்டில் இருந்தோர்க்கு அடி இரட்டிப்பாயிற்று. 2020 ஒக்டோபரில் ஒரு டொலர் ஏறக்குறைய 185 ரூபா; 2022 ஓகஸ்டில் ஏறக்குறைய 360 ரூபா. கப்பற் கூலியும் வரியும் நீங்கலாகக் கணக்கிட்டால், 55 ஆயிரம் ரூபாவாக இருந்த கருவி இரண்டே ஆண்டுகளில் ஒரு இலட்சத்து 43 ஆயிரம் ரூபாவாயிற்று. பின்னர் 2024 ஒக்டோபரில் 'குவெஸ்ட் 3எஸ்' 299 டொலருக்கு வந்தது. அது முன்னையதிலும் சிறந்தது. எனினும் அன்றைய நாணய மாற்றில் 88 ஆயிரம் ரூபா அளவினது. பொறுத்தவர் நல்ல கருவியைப் பெற்றார். ஆனால் 2020இன் விலை ரூபாவில் மீண்டும் வரவில்லை. பொருளின் விலை காலத்தோடு இறங்கும் என்ற விதி, நாணயம் நிலைத்திருக்கும் நாட்டுக்கே முற்றாகப் பொருந்தும் போலும்.

கருவி உயிரோடு இருக்கும் காலமும் சிந்திக்கத்தக்கது. 2019இல் விற்பனைக்கு வந்த முதற் குவெஸ்டுக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2024இல் நின்றுவிட்டன. கூகுள் நிறுவனம் 2015இல் வகுப்பறைகளுக்கென 'எக்ஸ்பெடிஷன்ஸ்' என்ற மெய்நிகர்ச் சுற்றுலாத் திட்டத்தைத் தொடங்கியது. உலகெங்கும் பாடசாலைகள் அதனை நம்பிப் பாடம் அமைத்தன. 2021இல் நிறுவனம் அத்திட்டத்தை மூடிற்று. ஹோம்ஸின் மரச்சட்டம் நூறாண்டின் பின்னும் படம் காட்டும். செய்தவன் கடையை மூடினாலும் அது குருடாவதில்லை. இன்றைய கருவியோ தொலைநாட்டு நிறுவனமொன்றின் விருப்பத்தாலும் இணையத்தாலும் மின்சாரத்தாலும் உயிர் வாழ்வது. வன்னியில் வாழ்ந்த எமக்கு இதன் பொருள் நன்கு விளங்கும். அதனை விளக்க என் இல்லத்துக் கதையொன்றைச் சொல்ல நேயர்கள் அனுமதிக்க வேண்டும்.

1982ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் நாள் ரூபவாஹினி ஒளிபரப்புத் தொடங்கியபோது நான் பன்னிரண்டு வயதுச் சிறுவன். எங்கள் வயல் இரணைமடுக் குளத்து நீரால் விளைவது. அவ்வாண்டு விளைச்சல் நன்றாகவே இருந்தது. தொலைக்காட்சிப் பெட்டி வாங்குவோமா என்று கேட்டேன். "மின்கம்பம் எங்கள் வீதிக்கு வரட்டும் தம்பி, விலையும் இறங்கட்டும்" என்றார் ஐயா. ஊர்க் கடைக்காரர் வீட்டில் வாகன மின்கலத்தால் ஒரு பெட்டி இயங்கிற்று. அவர் வீட்டு யன்னலுக்கு வெளியே நின்று பார்த்தே நானும் தங்கையும் வளர்ந்தோம். ஒவ்வொரு போக அறுவடையின் பின்னும் அதே வினா, அதே விடை. மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையே கொக்காவிலில் நின்ற ஒளிபரப்புக் கோபுரம் 1990ஆம் ஆண்டுப் போரில் அழிந்தது. அவ்விடத்துப் புதிய கோபுரம் 2011 ஜூனில்தான் திறக்கப்பட்டது. எங்கள் வீதிக்கு மின்கம்பம் வந்ததும் போர் முடிந்தபின்னரே. ஐயா அதனைக் காணவில்லை.

அதே ஐயா மற்றொன்றை மாத்திரம் தயங்காது வாங்கியிருந்தார். அது சிறியதொரு வானொலிப் பெட்டி. தொண்ணூறுகளிற் பொருளாதாரத் தடையால் வன்னிக்கு மின்கலங்கள் வருவதும் நின்றது. அப்போது துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்னாற் செய்தி கேட்டோம். சுழற்றுவது என் வேலை. செவிமடுப்பது ஊரின் வேலை. தன் உயிருக்குப் பிறர் கையை அதிகம் எதிர்பாராத கருவியே இடர்க்காலத்தில் உழைத்தது.

ஐயாவின் முடிவு தவறா? தொலைக்காட்சியை வாங்கியிருந்தால் இடம்பெயர்வுகளில் ஏதோவொன்றில் அதனை இழந்திருப்போம். ஆதலின் பணத்தளவில் அவர் கணக்குச் சரியே. ஆயினும் 1982இலிருந்து 1990 வரையான எட்டு ஆண்டுகள் அவருடைய பிள்ளைகளின் ஆண்டுகள். அவை மீண்டும் வரவில்லை. அவர் பொறுத்தது பிழையன்று. எதுவரை பொறுப்பது என்று வரையறுக்காததே பிழை. தவணை குறியாத காத்திருப்பு, மறுப்பின் மற்றொரு பெயரேயாகும்.

வள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். காலம் ஒன்றையே கேட்டு முடிவு செய்யலாகாது என்பது அவ்வரிசையாற் பெறப்படும். எங்கள் வலியையும் இடத்தையும் எண்ணிப் பார்த்தேன். ஒரு வகுப்பில் 36 பிள்ளைகள். ஆளுக்கு ஐந்து நிமிடம் கொடுத்தால் 180 நிமிடம். அதாவது நாற்பது நிமிடப் பாடவேளை நான்கரை. ஒருவர் காணும்போது முப்பத்தைவர் காத்திருப்பர். கருவியைச் செய்யும் நிறுவனமே பதின்மூன்று வயதுக்குக் குறைந்தோர்க்கு அதனை நெடுங்காலம் அனுமதிக்கவில்லை. 2023இலேதான் பெற்றோர் கண்காணிப்புடன் பத்து வயதாகத் தளர்த்திற்று. ஆரம்பப் பிரிவினரிற் பெரும்பாலோர்க்கு அது இன்றும் உரியதன்று. இவற்றையெல்லாம்விட என்னை உறுத்தியது வேறொன்று. அதிற் காட்டுவதற்குரிய பாடம் எதனையும் நாங்கள் ஆயத்தம் செய்திருக்கவில்லை. கீஸ்டோன் நிறுவனம் தந்த வழிகாட்டி நூலைப் போன்றதொன்று எங்கள் கையில் இல்லை. பிரமிட்டைக் காட்டும் படங்கள் பல உண்டு. இரணைமடு அணைக்கட்டையோ, பண்டாரவன்னியன் நினைவு நிலைத்த கற்சிலைமடுவையோ வேறெவரும் எமக்காகப் படம்பிடித்து வைக்கப்போவதில்லை.

ஆகவே அடுத்த கூட்டத்தில் நான் முன்மொழிந்தது இது. கூகுள் நிறுவனம் 2014இல் 'கார்ட்போர்ட்' என்ற காகித அட்டைப் பெட்டியை வெளியிட்டது. இரு வில்லைகள் பொருத்தி, கைத்தொலைபேசியை உள்ளே வைத்துப் பார்ப்பது அது. 2021இல் அதன் விற்பனையை நிறுத்தியபோதும், ஹோம்ஸ் செய்தது போலவே அதன் அமைப்பு முன்னரே பொதுவில் விடப்பட்டிருந்தது. இன்றும் எவரும் செய்துகொள்ளலாம். வில்லைகளை மட்டும் வாங்கிப் பன்னிரண்டு பெட்டிகளைப் பிள்ளைகளே அட்டையில் அமைப்பர். ஒரு காட்சியை ஒரு முறை படம்பிடித்து, தொலைபேசியை இரு கண்களின் இடைவெளியாகிய ஏறக்குறைய ஆறரை சென்றிமீற்றர் பக்கவாட்டில் நகர்த்தி மீண்டும் படம்பிடித்து, இரண்டையும் அருகருகே வைத்தால் வீட்ஸ்டன் கண்ட ஆழம் எங்கள் வகுப்பிலும் தோன்றும். இதற்கு இணையமும் வேண்டாம். செலவு, வரவிருக்கும் பணத்தில் மிகச் சிறு பகுதியே. இவ்வாண்டு பதினோராந் தரத்தில் இருந்து வெளியேறும் பிள்ளைகளும் வெறுங்கண்ணோடு போகமாட்டார்கள்.

எஞ்சிய பணத்தை அடுத்த ஆண்டு இரண்டாந் தவணை முடியும்வரை டொலராகவே தம்மிடம் வைத்திருக்கும்படி பழைய மாணவரை வேண்டினோம். அதற்குள் ஐந்து பாடங்களை எழுதி, படம்பிடித்து, வகுப்பில் நடத்திக் காட்டுவது ஆசிரியர் பொறுப்பு. நடத்தினால், அன்று சந்தையில் உள்ளதை வாங்குவோம். அதனினும் நல்லது வருமென்று மேலும் ஒருநாள் தானும் பொறுக்கமாட்டோம். நடத்தாவிட்டால், அப்பணம் விஞ்ஞான கூடத்து நுணுக்குக்காட்டிகளுக்குச் செல்லும். அந்நாளைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பமும் இட்டோம்.

முதலில் எழுந்து கேட்ட தந்தையார் கூட்டம் முடிந்தபின் என்னிடம் வந்தார். "அப்ப, அந்த நாள் தள்ளிப்போகாதுதானே, அதிபர்?" என்று கேட்டார். அவர் மகள் இப்போது பத்தாந் தரத்திற் படிக்கிறாள். தள்ளிப்போகாது என்று சொல்லியிருக்கிறேன்.