தேவாலயத்தின் முகப்புப் பக்கம்: உதயதாரகை முதல் இணையத்தளம் வரை

திருச்சபையொன்று தனக்கென ஓர் இணையத்தளத்தை அமைக்க முற்படும்போது முதலில் எழவேண்டிய கேள்வி, அது யாருக்காக என்பதே. ஞாயிறுதோறும் தவறாது வருபவருக்கா, அல்லது அந்தப் படலையை ஒருநாளும் திறந்து பாராதவருக்கா? கணினி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே யாழ்ப்பாணத்துத் திருச்சபைகள் இக்கேள்வியை எதிர்கொண்டுவிட்டன.

அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தனர். அவர்களுக்கென 1820இல் வந்த ஜேம்ஸ் கரெட் என்ற அச்சாளரை, அப்போது ஆட்சிப் பொறுப்பிலிருந்த எட்வர்ட் பார்ண்ஸ் நாட்டில் தங்க அனுமதிக்கவில்லை. அச்செழுத்தின் வலிமையை ஆட்சியாளர் எக்காலத்திலும் அறிந்தே வைத்திருக்கிறார்கள். 1830களில்தான் மானிப்பாயில் மிஷனின் அச்சகம் இயங்கத் தொடங்கியது.

அந்த அச்சகத்திலிருந்து 1841 ஜனவரி 7ஆம் திகதி 'உதயதாரகை' வெளிவந்தது. இலங்கையின் முதலாவது தமிழ்ப் பத்திரிகை அது. மாதமிருமுறை, தமிழிலும் ஆங்கிலத்திலும் வந்தது. ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் ஆகியோர் அதன் ஆசிரியர்கள். பெயரைக் கண்டு வெள்ளைக்காரர் என எண்ணிவிட வேண்டாம். வட்டுக்கோட்டை செமினரியில் கற்ற நம்மவரே அவர்கள்.

மதப் பிரசாரமே அதன் அடிப்படை நோக்கம் என்பதில் ஐயமில்லை. சைவத்தைச் சாடுவதிலும் அது பின்நிற்கவில்லை. ஆயினும் கல்வி, விஞ்ஞானம், வரலாறு, விவசாயம், ஊர்ச் செய்தி எனத் தேவாலயத்துக்கு வெளியே நின்றவரும் வாசிக்கத்தக்கவை அதில் நிறைந்திருந்தன. அதைவிட முக்கியமானது, சைவ வாசகர்கள் எழுதிய மறுப்புக் கடிதங்களும் அதிற் பிரசுரமாயின. தன்னை மறுப்பவனுக்குத் தன் பத்தியிலேயே இடம் கொடுத்த மிஷன் ஏடு அது. ஒரு பத்திரிகையாளனாக நான் அதனை மதிப்பது இதற்காகவே.

விளைவை மிஷனரிமார் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர் 1848இல் அப்பணியை விட்டு விலகினார். மறுவருடம் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். 1876இல் கத்தோலிக்கரின் 'சத்தியவேத பாதுகாவலன்', 1889இல் சைவரின் 'இந்து சாதனம்' என ஏடுகள் தொடர்ந்தன.

வத்திக்கானின் இணையத்தளம் 1995ஆம் ஆண்டு நத்தார் தினத்தில் தொடங்கியது. நமது தேவாலயங்களின் பக்கங்கள் பின்னர் வந்தன. அவற்றுட் பல பாமினி போன்ற எழுத்துருக்களில் அமைந்திருந்தன. அந்த எழுத்துரு கணினியில் இல்லாதவருக்குத் திரையில் தெரிந்தவை பொருளற்ற ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளுமே. வரவேற்புரை எழுதப்பட்டிருந்தது, வரவேற்கப்பட வேண்டியவரால்தான் அதனை வாசிக்க முடியவில்லை. 1983க்குப் பின் புலம்பெயர்ந்து, அறியாத நகரொன்றில் தமிழ் வழிபாடு எங்கே எத்தனை மணிக்கு என்று தேடியவர்கள் அவர்கள்.

ஒருங்குறி வந்து அத்தடை நீங்கிவிட்டது. இருந்தும் இன்று புதிதாக அமைக்கப்படும் பல தளங்களைத் திறந்தால் முதலில் வருவது கட்டடத்தின் படம், அடுத்தது குருமார், நிர்வாகசபையினரின் பெயர்கள். எந்த வீதியில் இறங்குவது, எந்த மொழியில் ஆராதனை, குழந்தையோடு வரலாமா என்பனவெல்லாம் எங்கோ மூன்றாம் பக்கத்தின் அடியிற் கிடக்கின்றன.